ஆப்ஜெக்ட்டை ஃபங்ஷன் மாதிரி கூப்பிடறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டீம்ல புதுசா சேர்றவங்க இதையே திரும்பத் திரும்ப கேக்கறாங்க, நானும் ஒவ்வொரு தடவையும் டீக்கடையில நின்னுக்கிட்டு டிஷ்யூ பேப்பர்ல எழுதிக் காமிக்கிறேன், அதான் ஒரே இடத்துல போட்டுடலாம்னு. நான் தினமும் எழுதறது பைத்தான், அதனால முக்கால்வாசி பைத்தான்தான் வரும், மத்த மொழிகளை ஒரு கேள்வியில பாத்துக்கலாம். பைத்தான் பேருங்களையும் தமிழ் எழுத்துலயே எழுதிருக்கேன், எடிட்டர்ல அடிக்கறப்ப கீவேர்டு, ஸ்பெஷல் மெத்தட் பேரெல்லாம் வழக்கம்போல இங்கிலீஷ்ல அடிச்சுக்கோங்க.

ஆப்ஜெக்ட்டை "கூப்பிடறது"ன்னா என்னங்க? ஃபங்ஷனைத்தானே கூப்பிடுவோம்?

ஃபங்ஷன் பேருக்குப் பின்னாடி அடைப்புக்குறி போட்டா அது ஓடும்ல, அதே அடைப்புக்குறியை நீங்க உண்டாக்கின ஒரு ஆப்ஜெக்ட்டுக்குப் பின்னாடியும் போடலாம், அவ்ளோதான் விஷயம். கிளாஸ்க்குள்ள `__கால்__`னு ஒரு மெத்தட் எழுதணும், முன்னாடி ரெண்டு பின்னாடி ரெண்டு அண்டர்ஸ்கோர், வாயால சொல்றப்ப "டண்டர் கால்"னு சொல்லுவாங்க.

நம்ம ஊர் வட்டிக் கணக்கையே எடுத்துக்கோங்க. நூத்துக்கு ஒரு வட்டி, நூத்துக்கு ரெண்டு வட்டின்னு சொல்லுவோம்ல, மாசத்துக்கு. `வட்டி`ன்னு ஒரு கிளாஸ், அதோட `__இனிட்__` வட்டி வீதத்தை வாங்கி வெச்சுக்குது, `__கால்__` அசலையும் மாசத்தையும் வாங்கி கணக்குப் போட்டுத் தருது.

`ரெண்டுவட்டி = வட்டி(2)`
`ரெண்டுவட்டி(50000, 6)`

ரெண்டாவது வரி 6000னு குடுக்கும். `ரெண்டுவட்டி` ஒரு ஆப்ஜெக்ட், ஆனா பாக்க ஃபங்ஷன் மாதிரியே இருக்கு. 2ங்கிற வீதத்தை அது தனக்குள்ள வெச்சிருக்கு, நீங்க ஒவ்வொரு தடவையும் சொல்ல வேண்டியதில்ல. இந்த "தனக்குள்ள வெச்சிருக்கு"தான் முக்கியம், இந்தப் பக்கம் முழுக்க அதைச் சுத்தித்தான் வரப்போகுது.

`__இனிட்__`டுக்கும் `__கால்__`லுக்கும் என்ன வித்தியாசம், ரெண்டுக்குமே அடைப்புக்குறிதானே போடறோம்?

கிளாஸ் பேருக்குப் பின்னாடி போட்டா புது ஆப்ஜெக்ட் பிறக்கும், அப்ப `__இனிட்__` ஓடும், ஒரே ஒரு தடவை. பிறந்த ஆப்ஜெக்ட்டுக்குப் பின்னாடி போட்டா `__கால்__` ஓடும், எத்தனை தடவை வேணா.

கொஞ்சம் உள்ள போய்ப் பாத்தீங்கன்னா ரெண்டும் ஒண்ணுதான், அதுதான் தமாஷே. பைத்தான்ல கிளாஸும் ஒரு ஆப்ஜெக்ட், அதோட கிளாஸ் `டைப்`. நீங்க `வட்டி(2)`ன்னு போடறப்ப ஓடறது `டைப்`போட `__கால்__`, அது உள்ள `__நியூ__`வைக் கூப்பிட்டு ஆப்ஜெக்ட்டை உண்டாக்கி அப்புறம் `__இனிட்__`டைக் கூப்பிடுது. சிங்கிள்டன் (ஒரே ஒரு ஆப்ஜெக்ட் மட்டும் தர்ற கிளாஸ்) எழுதறவங்க மெட்டாகிளாஸ்ல, அதாவது கிளாஸோட கிளாஸ்ல, `__கால்__`லை மாத்தி எழுதறது இதனாலதான், "ஏற்கனவே ஒண்ணு இருந்தா அதையே குடு"ன்னு அங்கயே மடக்கிடலாம். இது தெரியலைன்னாலும் வேலை நடக்கும், இன்டர்வியூல மட்டும் கேப்பாங்க.

`கணக்கிடு`ன்னு ஒரு சாதாரண மெத்தட் வெச்சா போதாதா? இதுக்கு ஏன் தனியா ஒரு வித்தை?

நீங்களே எழுதி நீங்களே கூப்பிடறதா இருந்தா போதும், சொல்லப்போனா அதுதான் நல்லது. `__கால்__` நிஜமா உதவறது எப்பன்னா, உங்க ஆப்ஜெக்ட்டை வேற ஒருத்தர் எழுதின கோடுகிட்ட குடுக்கறப்ப. அந்தக் கோடுக்கு உங்க மெத்தட் பேர் `கணக்கிடு`வா `ஓட்டு`வான்னு தெரியாது, அதுக்குத் தெரிஞ்சதெல்லாம் அடைப்புக்குறி போடறது ஒண்ணுதான்.

எனக்கு இது உறைச்சது ஒரு யூசர் மேனுவல் வேலையில. பெரிய டெக்ஸ்ட் ஃபைல், அதுல அங்கங்க `படம் ##`னு எழுதி வெச்சிருந்தாங்க, அந்த ## எல்லாத்தையும் 1, 2, 3ன்னு வரிசையா நம்பர் ஆக்கணும். பேட்டர்னைத் தேடி மாத்தற `ரீ.சப்`போட ரெண்டாவது ஆர்க்யுமென்ட்டா ஸ்ட்ரிங்கும் குடுக்கலாம், ஃபங்ஷனும் குடுக்கலாம், ஃபங்ஷன் குடுத்தா ஒவ்வொரு மேட்சுக்கும் அதைக் கூப்பிட்டு அது திருப்பித் தர்றதை அங்க போடும். ஆனா ஃபங்ஷனுக்கு வர்றது மேட்ச் ஆப்ஜெக்ட் மட்டும்தான், "இது எத்தனாவது"ன்னு அதுக்கு யாரும் சொல்ல மாட்டாங்க. முதல்ல ஒரு குளோபல் வேரியபிள் வெச்சு ஓட்டினேன், ஓடுச்சு. அப்புறம் ரெண்டாவது ஃபைலைக் குடுத்தா அது 1ல ஆரம்பிக்காம முதல் ஃபைல் விட்ட இடத்துல இருந்து தொடருது, நான் ரீசெட் பண்ண மறந்துட்டேன்.

அப்புறம் `எண்ணி`ன்னு ஒரு கிளாஸ் எழுதினேன். `__இனிட்__`ல `மொத்தம் = 0`, `__கால்__`ல மேட்சை வாங்கி, மொத்தத்தை ஒண்ணு கூட்டி, "படம் "கூட ஒட்டித் திருப்பித் தர்றது, நாலஞ்சு வரிதான். ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு புது `எண்ணி()`. வேலை முடிஞ்சப்புறம் `எண்ணி1.மொத்தம்`னு கேட்டா எத்தனை படம்னும் சொல்லிடும், அது கொசுறு.

`சார்டட்`டோட கீ, `டிஃபால்ட்டிக்ட்`க்கு குடுக்கற ஃபேக்டரி, பட்டன் கிளிக்குக்குக் குடுக்கற கால்பேக், எல்லாமே இந்த ஜாதிதான், "எங்கிட்ட கூப்பிடக்கூடியது ஒண்ணைக் குடு, மத்தது உன் பாடு"ன்னு கேக்கற இடங்க.

இதையே குளோஷர் (வெளி ஃபங்ஷனோட வேரியபிளை ஞாபகம் வெச்சிருக்கற உள் ஃபங்ஷன்) வெச்சுப் பண்ணலாமே? உள்ளுக்குள்ள ஒரு ஃபங்ஷன், `நான்லோக்கல்`, முடிஞ்சுது?

பண்ணலாம், சின்ன வேலைக்கு நானும் அதைத்தான் பண்ணுவேன். மூணு வரி ஃபங்ஷனுக்கு ஒரு கிளாஸ் எழுதிட்டுப் பெருமைப்பட்டுக்கறது தேவையில்லாத ஆட்டம். ஆனா குளோஷர் தனக்குள்ள வெச்சிருக்கறதை வெளியில இருந்து பாக்கறது கஷ்டம், செல் ஆப்ஜெக்ட்டைத் தோண்டி எடுக்கணும். டீபக் பண்றப்ப பிரிண்ட் போட்டா ஏதோ ஒரு மெமரி அட்ரஸ் வரும், கிளாஸா இருந்தா `__ரெப்ர்__` எழுதி "ரெண்டு வட்டி"ன்னே காட்ட வெக்கலாம்.

இன்னொண்ணு, இதுல நிறைய பேர் மாட்டியிருப்பீங்க: மல்டிபுராசஸிங். `பூல்.மேப்`புக்கு லாம்ப்டாவோ குளோஷரோ குடுத்தா பிக்கிள் பண்ண (இன்னொரு புராசஸுக்கு அனுப்ப பைட்டா மாத்த) முடியலன்னு எரர் வரும், ஏன்னா பைத்தான் ஃபங்ஷனை பிக்கிள் பண்றப்ப கோடைத் தூக்கிட்டுப் போகாது, மாட்யூல் பேரையும் ஃபங்ஷன் பேரையும் மட்டும்தான் எழுதிக்கும், அந்தப் பக்கம் இருக்கற புராசஸ் அந்தப் பேரைத் தேடி எடுத்துக்கணும், உள்ளுக்குள்ள ஒளிஞ்சிருக்கற ஃபங்ஷனை அது எங்க போய்த் தேடும்? ஆனா மாட்யூல்ல மேல எழுதின கிளாஸோட ஆப்ஜெக்ட்னா கிளாஸ் பேரும் உள்ள இருக்கற டேட்டாவும் தனித்தனியா போயிடும், `ரெண்டுவட்டி` ஜம்முனு போய்ச் சேந்துடும்.

ஃபங்ஷனுக்குச் சில ஆர்க்யுமென்ட்டை முன்கூட்டியே நிரப்பி வெக்க `ஃபங்க்டூல்ஸ்.பார்ஷியல்`னு ஒண்ணு இருக்கே, அது போதும்னா அதையே வெச்சுக்கோங்க. அதுவும் ஃபங்ஷன் இல்ல தெரியுமா, ஒரு கிளாஸ்தான், அது திருப்பித் தர்றது கூப்பிடக்கூடிய ஒரு ஆப்ஜெக்ட்.

நிஜ லைப்ரரிகள்ல இது எங்க இருக்கு?

நீங்க தெரியாமயே யூஸ் பண்ணிக்கிட்டிருப்பீங்க. யூனிட்டெஸ்ட்ல `மாக்` ஆப்ஜெக்ட், அதை எங்க வேணா ஃபங்ஷனுக்குப் பதிலா சொருகலாம், அப்புறம் `கால்_கவுன்ட்`னு கேட்டா எத்தனை தடவை கூப்பிட்டாங்கன்னு சொல்லும், நம்ம `எண்ணி`யோட பெரியண்ணன். ஜாங்கோவுல `ரெஜெக்ஸ்வேலிடேட்டர்` மாதிரி வேலிடேட்டர் எல்லாம் இதுதான், பேட்டர்னை உள்ள வெச்சுக்கிட்டு மதிப்பு வந்தா செக் பண்ணும். ஃபாஸ்ட்ஏபிஐல `டிபெண்ட்ஸ்`க்குள்ள ஆப்ஜெக்ட்டைக் குடுத்து ரூட்டுக்கு ரூட் வேற வேற செட்டிங் வெக்கறாங்க.

ஆனா இதை சரியாப் புரிஞ்சுக்காம அடி வாங்கற இடம் பைடார்ச், நியூரல் நெட்வொர்க் எழுதற லைப்ரரி. அங்க மாடல் எழுதறப்ப `ஃபார்வர்ட்`னு ஒரு மெத்தட் எழுதுவோம், ஆனா ஓட்டறப்ப `மாடல்(எக்ஸ்)`னுதான் கூப்பிடணும்னு சொல்லுவாங்க, `மாடல்.ஃபார்வர்ட்(எக்ஸ்)`னு கூப்பிட்டாலும் அதே விடைதான் வருது, அப்புறம் என்ன வித்தியாசம்னு நானும் ரொம்ப நாள் நெனச்சேன். அப்புறம் ஒரு நாள் என்கோடரோட அவுட்புட்டை மட்டும் தனியா பிடிக்கணும்னு `ரெஜிஸ்டர்_ஃபார்வர்ட்_ஹுக்` போட்டு (அந்தப் பகுதி ஓடினதும் தானா ஓடற ஃபங்ஷன்தான் ஹுக்) ஒரு லிஸ்ட்ல சேத்துக்கிட்டே வந்தேன், மாடல் ஓடுது, விடை வருது, லிஸ்ட் காலியாவே இருக்கு. ஹுக்கை மாத்தினேன், லிஸ்ட்டை மாத்தினேன், மதியம் பூரா போச்சு. கடைசியில பாத்தா மாடலுக்கு உள்ள யாரோ `செல்ஃப்.என்கோடர்.ஃபார்வர்ட்(எக்ஸ்)`னு எழுதி வெச்சிருக்காங்க (யாரோ இல்ல, நான்தான், மூணு மாசம் முன்னாடி). ஹுக்கை ஓட்டற வேலையெல்லாம் `__கால்__` பக்கம்தான் இருக்கு, `ஃபார்வர்ட்`டை நேரா கூப்பிட்டா அது சத்தமே இல்லாம விட்டுப்போகும், எரர் வராது. அந்த ஒரு வரியில `.ஃபார்வர்ட்`டை அழிச்சேன், லிஸ்ட் நெறஞ்சுது.

இதுல டிசைன் பாடமும் ஒண்ணு இருக்கு. வெளியில இருந்து கூப்பிட `__கால்__`, உள்ள மாத்தி எழுதிக்க வேற பேர்ல ஒரு மெத்தட்னு பிரிச்சு வெச்சா, ஹுக், லாக், டைமர்னு முன்னாடி பின்னாடி செய்ய வேண்டியதை `__கால்__`ல ஒரே இடத்துல வெச்சுக்கலாம், சப்கிளாஸ் எழுதறவங்க அதைத் தொடவே வேண்டாம்.

ஆப்ஜெக்ட்டுக்கே நேரா `__கால்__`னு ஒரு ஃபங்ஷனை அசைன் பண்ணேன், இருந்தும் கூப்பிட முடியாதுங்குதே?

ஆமா, முடியாது. டண்டர் மெத்தட்களை பைத்தான் ஆப்ஜெக்ட்ல தேடாது, அதோட கிளாஸ்லதான் தேடும். கிளாஸ்ல வெச்சாத்தான் செல்லும். ஆளுக்கு ஆள் வேற மாதிரி நடந்துக்கணும்னா கிளாஸ்ல ஒரு `__கால்__` எழுதி, அது `செல்ஃப்.வேலை`ன்னு ஆப்ஜெக்ட்ல இருக்கற ஃபங்ஷனைக் கூப்பிடற மாதிரி பண்ணிக்கோங்க.

கிளாஸ் வெச்சு டெக்கரேட்டர் (ஒரு ஃபங்ஷனைச் சுத்திப் போர்த்திக் கூடுதல் வேலை சேக்கறது) எழுதினேன். தனி ஃபங்ஷனுக்குப் போட்டா ஓடுது, மெத்தடுக்குப் போட்டா `செல்ஃப்` மிஸ்ஸிங்னு அடம் பிடிக்குது. ஏன்?

இதுதான் இந்தப் பக்கத்துலயே உருப்படியான கேள்வி, கொஞ்சம் பொறுமையா படிங்க.

`மீண்டும்`னு ஒரு டெக்கரேட்டர் கிளாஸ்னு வெச்சுக்குவோம், நெட்வொர்க் ஃபெயில் ஆனா மூணு தடவை திரும்ப முயற்சி பண்ணும். `__இனிட்__` ஃபங்ஷனை வாங்கி வெச்சுக்குது, `__கால்__` வர்ற ஆர்க்யுமென்ட்டை அப்படியே அதுக்குத் தள்ளிவிடுது. தனி ஃபங்ஷன் மேல இதைப் போட்டா பிரச்சனையே இல்ல.

மெத்தட் மேல போட்டா? சாதாரண மெத்தட்ல `செல்ஃப்` எப்படி வருதுன்னு யோசிச்சிருக்கீங்களா, `கடை.பில்போடு(5)`னு நாம ஒரே ஆர்க்யுமென்ட்தானே குடுக்கறோம். புள்ளி வெச்சு மெத்தடைத் தேடறப்ப, கெடச்ச ஃபங்ஷன்கிட்ட `__கெட்__`னு ஒரு டண்டர் இருக்கும், பைத்தான் அதைக் கூப்பிடும், அது "இந்தா, இந்த ஆப்ஜெக்ட்டோட கட்டிப்போட்ட மெத்தட்"னு ஒண்ணைத் திருப்பித் தரும், அந்தக் கட்டுலதான் `செல்ஃப்` இருக்கு. ஃபங்ஷனுக்கு இந்த `__கெட்__` பிறப்புலயே இருக்கு. நம்ம `மீண்டும்` ஆப்ஜெக்ட்டுக்கு இல்ல. அதனால பைத்தான் அதை அப்படியே எடுத்துக் குடுத்துடும், யாரும் கட்டல, 5 மட்டும்தான் உள்ள போகும், `செல்ஃப்` இருக்க வேண்டிய இடத்துல 5 போய் உக்காந்துக்கும், அப்புறம் ஒரு ஆர்க்யுமென்ட் குறையுதுன்னு எரர்.

தீர்வு ரெண்டு. ஒண்ணு, `மீண்டும்` கிளாஸ்ல நீங்களே `__கெட்__` எழுதறது: ஆப்ஜெக்ட் `நன்`னா இருந்தா `செல்ஃப்`பையே திருப்பிக் குடுங்க, இல்லேன்னா `டைப்ஸ்.மெத்தட்டைப்`க்கு `செல்ஃப்`பையும் அந்த ஆப்ஜெக்ட்டையும் குடுத்துக் கட்டி அதைத் திருப்பிக் குடுங்க. மூணே வரி. ரெண்டாவது, டெக்கரேட்டரை கிளாஸா எழுதாம ஃபங்ஷனா எழுதிடறது, உள்ள இருக்கறது நிஜ ஃபங்ஷன்ங்கறதால இந்த வம்பே வராது. நான் ரெண்டாவது கட்சி.

கிளாஸ்தான்னு முடிவு பண்ணிட்டீங்கன்னா இதையும் சேத்துப் பாருங்க: ஆப்ஜெக்ட்டுக்கு `__நேம்__` கிடையாது. லாக்ல ஃபங்ஷன் பேரை எழுதற கோடு எங்கயாவது இருந்தா அட்ரிபியூட் எரர்ல படுத்துடும். `__இனிட்__`ல `ஃபங்க்டூல்ஸ்.அப்டேட்_ராப்பர்` ஒரு தடவை கூப்பிட்டு விட்டா பேரு, டாக்ஸ்ட்ரிங் எல்லாம் வந்து ஒட்டிக்கும்.

"ஆப்ஜெக்ட் இஸ் நாட் காலபிள்"னு எரர் வருது. நான் எந்த `__கால்__`லும் எழுதவே இல்லையே?

எழுதாததாலதான் வருது, கூப்பிட முடியாத ஒண்ணுக்கு எங்கயோ அடைப்புக்குறி போட்டிருக்கீங்க. பெரும்பாலும் `லிஸ்ட்`னு ஒரு வேரியபிளுக்குப் பேர் வெச்சுட்டு கீழ போய் நிஜ `லிஸ்ட்()`டைத் தேடியிருப்பீங்க. ஜூபிடர் நோட்புக்ல இது இன்னும் மோசம், அந்த செல்லை அழிச்சாலும் வேரியபிள் மெமரில உக்காந்திருக்கும், கெர்னலை ரீஸ்டார்ட் பண்ணணும். அடுத்தது பாண்டாஸ்ல `.ஷேப்`புக்கு அடைப்புக்குறி போடறது, அது டியூப்பிள், மெத்தட் இல்ல. மாட்யூலைக் கூப்பிடறதும் உண்டு, `டேட்டைம்` மாட்யூலுக்குள்ள அதே பேர்ல ஒரு கிளாஸ் இருக்கறதால வர்ற குழப்பம்.

எனக்குப் பிடிச்சது கமா விட்டுப்போறது: `[(1, 2) (3, 4)]`. நடுவுல கமா இல்ல, அதனால முதல் டியூப்பிளை 3, 4 குடுத்துக் கூப்பிடறதா பைத்தான் நெனச்சுக்குது. 3.8ல இருந்து "கமா விட்டுட்டீங்களோ"ன்னு வார்னிங்கும் சேத்துக் குடுக்குது, புண்ணியம்.

ஒண்ணைக் கூப்பிட முடியுமான்னு முன்கூட்டியே தெரிஞ்சுக்க?

`காலபிள்()`னு ஒரு பில்ட்டின் இருக்கு. பைத்தான் 3.0ல தூக்கிட்டாங்க, 3.2ல திருப்பிக் கொண்டு வந்தாங்க. கிளாஸுக்கும் அது ட்ரூதான் சொல்லும். எத்தனை ஆர்க்யுமென்ட், என்ன டைப்னு அது சொல்லாது, அதுக்கு டைப் ஹின்ட்ல `புரோட்டோகால்` எழுதி அதுக்குள்ள `__கால்__` போட்டுக்கோங்க, கீவேர்டு ஆர்க்யுமென்ட் பேர் வரைக்கும் மைபைங்கற டைப் செக்கர் செக் பண்ணும்.

மத்த மொழிகள்ல?

சி++ல இதுக்கு வயசு அதிகம், `ஆபரேட்டர்()`னு எழுதணும், அந்த மாதிரி ஆப்ஜெக்ட்டை ஃபங்க்டர்னு சொல்லுவாங்க (ஹாஸ்கெல்காரங்க சொல்ற ஃபங்க்டர் வேற, அங்க போய்க் குழப்பிக்காதீங்க). பிரையாரிட்டி கியூவை மின் ஹீப்பா மாத்த `கிரேட்டர்`னு ஒண்ணு போடுவோமே, அது ஃபங்க்டர் கிளாஸ்தான். சி++11ல வந்த லாம்ப்டாவும் உள்ளுக்குள்ள இதேதான், கம்பைலர் பேரில்லாத ஒரு கிளாஸை உண்டாக்கி அதுக்கு `ஆபரேட்டர்()` எழுதிக்குது, நீங்க கேப்ச்சர் பண்றது அதோட மெம்பர் ஆகுது. ஒரு பொறி இருக்கு, அல்காரிதங்கள் ஃபங்க்டரை காப்பி எடுத்துக்கும், அதனால நம்ம `எண்ணி`யை அங்க எழுதி `ஃபார்_ஈச்`க்குக் குடுத்தா முடிஞ்சப்புறம் உங்க கையில இருக்கறது 0ன்னே காட்டும், எண்ணினது காப்பி. `ஃபார்_ஈச்` திருப்பித் தர்றதை வாங்கிக்கணும், இல்லேன்னா `ரெஃப்` போட்டுக் குடுக்கணும்.

பிஹெச்பில `__இன்வோக்`, 2009ல 5.3யோட வந்துது, லாராவெல்ல ஒரே வேலை மட்டும் செய்யற கன்ட்ரோலருக்கு இதைத்தான் யூஸ் பண்றாங்க. காட்லின்ல `இன்வோக்`, ஸ்காலாவுல `அப்ளை`, ஸ்விஃப்ட்ல 2020ல வந்த 5.2ல இருந்து `கால்அஸ்ஃபங்ஷன்`, லுவாவுல மெட்டாடேபிள்ல `__கால்`. ஜாவாவுல கிடையாது, ஃபங்ஷனல் இன்டர்ஃபேஸ் எடுத்துக்கிட்டு `.அப்ளை`ன்னு பேர் சொல்லித்தான் கூப்பிடணும். ஜாவாஸ்கிரிப்ட்ல சாதாரண கிளாஸ் ஆப்ஜெக்ட்டுக்கு வழி இல்ல, ஆனா அங்க ஃபங்ஷனே ஒரு ஆப்ஜெக்ட், அது மேலயே பிராப்பர்டி ஒட்டிக்கலாம், தலைகீழா அதே வசதி.

அசிங்க், த்ரெட் பக்கம் ஏதாவது சிக்கல்?

`__கால்__`லை அசிங்க்கா எழுதலாம், `அவெய்ட்` போட்டா ஓடும். ஆனா `இன்ஸ்பெக்ட்.இஸ்கொரூட்டீன்ஃபங்ஷன்` அந்த ஆப்ஜெக்ட்டைப் பாத்து ஃபால்ஸ்னு சொல்லிடும், அதை நம்பி ஓடற ஃபிரேம்வொர்க் உங்களை சாதாரண ஃபங்ஷன்னு நெனச்சு `அவெய்ட்` போடாம விட்டுடும். 3.12ல `மார்க்கொரூட்டீன்ஃபங்ஷன்` வந்திருக்கு, அதை வெச்சு அடையாளம் போட்டுக்கலாம். த்ரெட்னா, ஒரே `எண்ணி`யை நாலு த்ரெட்ல குடுத்துட்டு எண்ணிக்கை தப்புதுன்னு வராதீங்க, லாக் போடுங்க. ஃபங்ஷன் மாதிரி இருக்கறதால உள்ள ஸ்டேட் மாறுதுங்கறதே கூப்பிடறவங்களுக்கு மறந்துபோகும்.

எப்ப இதை எழுதவே கூடாது?

`ஆர்டர்()`னு ஒரு கோடைப் பாத்தேன், `ஆர்டர்` ஒரு ஆப்ஜெக்ட். கூப்பிட்டா என்ன ஆகும்? ஆர்டர் போகுமா, பில் வருமா, கேன்சல் ஆகுமா? எழுதினவரையே கேட்டேன், அவரும் ஃபைலைத் திறந்துதான் சொன்னாரு. ஒரு பொருளால ஒரே ஒரு வேலைதான், அது பேரைப் பாத்தாலே தெரியுதுன்னா `__கால்__` வெக்கலாம். வட்டின்னா கணக்குப் போடும், எண்ணின்னா எண்ணும். ரெண்டு வேலை இருந்தா ரெண்டு மெத்தட் எழுதி ஒழுங்கா பேர் வெச்சுடுங்க. உள்ள எதையும் வெச்சுக்காத கிளாஸா இருந்தா, அது ஃபங்ஷனாவே இருந்துட்டுப் போகட்டும்.

`ரெண்டுவட்டி`ன்னு தமிழ்ல பேர் வெச்சா நிஜமாவே ஓடுமா?

ஓடும், 3.0ல இருந்தே. ஆனா ஒண்ணு. "கொ", "தோ" மாதிரி எழுத்தோட குறியை யூனிகோட்ல ஒரே குறியாவும் அடிக்கலாம், கொம்பும் காலும் தனித்தனியாவும் அடிக்கலாம், திரையில ரெண்டும் ஒண்ணாதான் தெரியும். கோட்ல பேரா எழுதினா பைத்தான் ரெண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டு வந்துடும், பிரச்சனை இல்ல. அதே பேரை ஸ்ட்ரிங்கா `கெட்அட்ர்`க்குக் குடுத்தா அந்தச் சலுகை கிடையாது, கண்ணு முன்னாடி இருக்கற பேரையே "அப்படி எதுவும் இல்லை"ன்னு சொல்லும்.